கணக்கு நோட்டில் ஒரு மீசை

அன்புள்ள அக்கா,

ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில், மீன்பிடி படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரியில் படிக்கும்போது கவிதை எழுதுவேன், ஒரு போட்டியில் பரிசும் வாங்கியிருக்கிறேன். கல்யாணம், குழந்தை, வேலை என்று ஆன பிறகு எல்லாம் நின்றுவிட்டது. இப்போது மீன்பிடித் தடைக்காலம், கம்பெனியில் வேலை குறைவு. யூடியூபைப் பார்த்துச் சிப்பியில் பொம்மை செய்ய ஆரம்பித்தேன், அப்புறம் துணியில் பெயின்டிங். இரண்டும் பாதியில் கிடக்கின்றன. கம்பெனி நோட்டில் ஒவ்வொரு படகுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு படம் போட்டு வைப்பேன், படிக்கத் தெரியாத பெரியவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று. மயில், நங்கூரம், பிறை. ஒரு படகுக்கு அதன் டிரைவரின் மீசை. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "இது கணக்கு நோட்டா, கோல நோட்டா?" என்று கேட்டுவிட்டார். என்னிடம் படைப்பாற்றல் என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி வளர்ப்பது? கவிதை இனி வருமா?

ஆர்., மண்டபம்

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. திட்டு வாங்கிய கதையாக அதை எழுதியிருப்பதால் உங்கள் கண்ணில் படவில்லை.

அந்த நோட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விசைப்படகுகளின் பதிவு எண் நீளமானது. கடைசியில் வரும் சில இலக்கங்களைத் தவிர எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கடலுக்குப் போகிற நாளில் ஐஸ் ஏற்ற எல்லாப் படகும் ஒன்றாக வந்து நிற்கும். அந்த நெரிசலில், எழுத்துக்கூட்டத் தெரியாத ஒருவர் தன் பெயரில் எத்தனை பார் (ஐஸ் கட்டி) எழுதியிருக்கிறது என்று இன்னொருவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சப்படுவார். கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நீங்கள் அந்தக் கூச்சத்தைக் கவனித்திருக்கிறீர்கள். கையில் இருந்ததோ ஒரு பேனாவும் நோட்டின் ஓரத்தில் ஒரு விரல் இடமும்தான். அதில் அவர் பார்த்ததும் சிரிக்கிற மாதிரி ஒரு மீசையைப் போட்டிருக்கிறீர்கள். இதற்கு எந்த வீடியோவிலும் செய்முறை கிடையாது.

படைப்பாற்றலை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள்: புதிதாக இருக்கிறதா, இடத்துக்குப் பொருந்துகிறதா. மீசை இரண்டிலும் தேறிவிடுகிறது. ஜேம்ஸ் காஃப்மன், ரொனால்ட் பெகெட்டோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2009இல் இதை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். காலம் கடந்தும் பேசப்படும் மேதைகள் மேல் படி. அடுத்தது, அதையே தொழிலாகச் செய்பவர்கள். அதற்குக் கீழே அன்றாட வாழ்க்கையில் செய்பவர்கள். கடைசிப் படி, ஒன்றைக் கற்கும்போது ஒருவருக்குத் தனக்குள் மட்டும் புதிதாகப் புரிவது. நாமெல்லாம் மேல் படியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே 'எனக்கு ஒன்றும் வரவில்லை' என்கிறோம். உங்கள் நோட்டு மூன்றாவது படியில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேல் ஒரு சட்டை, முகத்தில் நீச்சல் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு. பாறையில் பிடித்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது கை கிழியாமல் இருக்க, விரல்களில் துணிக்கிழிசலைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். முதலில் அப்படிச் சுற்றியவள் யார் என்று யாருக்கும் தெரியாது. அவளும் அதை ஒரு கண்டுபிடிப்பாக நினைத்திருக்க மாட்டாள். விரல் எரிந்தது, சுற்றினாள். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த வழி இதுதான்: உங்களுக்கு எரிச்சல் வந்த இடத்தைத் தேடுங்கள். 'இது ஏன் இப்படி இருக்கு' என்று முனகிவிட்டு, கையில் கிடைத்ததை வைத்து எதையாவது மாற்றிய இடம். வீட்டில், கம்பெனியில், பிள்ளையைத் தூங்க வைப்பதில் என்று தேடினால் நாலைந்தாவது அகப்படும்.

அதற்காகப் பெண்கள் செய்வதெல்லாம் கலை என்று நான் சொல்ல வரவில்லை. தினமும் மூன்று வேளை சமைப்பது வேலை. அதைப் 'படைப்பு' என்று புகழ்ந்து பெண்ணை அடுப்படியிலேயே உட்கார வைப்பது பழைய தந்திரம். அதே அடுப்படியில் மாமியார் சொன்ன அளவை மீறி, புளியைக் குறைத்து மாங்காய் போட்டு மீன் குழம்பு வைத்துப் பார்த்த நாள் என்று ஒன்று இருந்தால், அது வேறு கணக்கு.

சிப்பிப் பொம்மை பாதியில் நின்றதற்கு உங்கள் சோம்பல் காரணம் இல்லை. அதில் உங்கள் கேள்வி என்று எதுவும் இல்லை, அவ்வளவுதான். யாரோ செய்து முடித்ததை அப்படியே திரும்பச் செய்தால் நடுவில் அலுப்புத் தட்டத்தான் செய்யும்.

சரி, வளர்ப்பதற்கு வருவோம். முதலில் ஒரு எச்சரிக்கை. மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் 1973இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவைக் கண்டால் வரைய உட்கார்ந்துவிடும் சின்னக் குழந்தைகளில் சிலரிடம், 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, சும்மா விளையாடும் நேரத்தில் கவனித்தபோது, மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் இவர்கள் வரைந்தார்கள். எதுவும் சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. கல்லூரிப் பரிசுக்கு அப்புறம் நீங்கள் எழுதிய கவிதைகள் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் எவை நடுவருக்காக எழுதியவை என்று உங்களுக்கே தெரியும். படகுப் படங்களை ஸ்டேட்டஸில் போடுவதைக் கொஞ்ச நாள் தள்ளி வைப்பதும் நல்லது.

முதலாளி கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆடிட்டர் முன்னால் அந்த நோட்டை வைத்துப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். படங்களுக்குத் தனியாக ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள், படகுக்கு ஒரு பக்கம். பெரியவர்கள் வாங்கிப் பார்க்கட்டும். எந்தப் படம் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது, எதில் தடுமாறுகிறார்கள் என்று கவனியுங்கள். தடுமாறிய படத்தை மாற்றிப் போடுங்கள். எத்தனை பார், எவ்வளவு பாக்கி என்பதையும் படத்திலேயே காட்ட முடியுமா பாருங்கள். அந்த மீசைக்காரர் நாளைக்கு வேறு படகுக்கு மாறிவிட்டால் மீசை எந்தப் படகுக்கு? அதற்கும் நீங்கள்தான் ஒரு வழி செய்ய வேண்டும். வளர்ப்பது என்று நான் சொல்வது இந்த மாதிரி வேலையைத்தான்.

கவிதை வரலாம், வராமலும் போகலாம். அதைப் பிடித்து இழுக்க வேண்டாம். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்தான். அப்புறம் படகுகள் கிளம்பிவிட்டால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் அந்தச் சின்ன நோட்டை ஆரம்பித்துவிடுங்கள். சிப்பியையும் பசையையும் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.