கணிதம் இல்லாமல் பொருளியல் படிக்கலாமா? – கல்வி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்கு அருகே தமிழ்வழியில் பிளஸ் டூ ஹியூமானிட்டீஸ் முடித்திருக்கிறேன். கணிதம் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. பொருளியல் பாடம் மிகவும் பிடித்திருந்ததால் பி.ஏ. பொருளியலில் சேர விரும்புகிறேன். பி.காம். படித்தால்தான் வேலை என்கிறார் அப்பா. நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு மாணவி, சித்தூர் வட்டம், பாலக்காடு

பதில்: தாராளமாகச் சேருங்கள், ஆனால் கணிதத்திலிருந்து தப்பிக்கும் வழி என்று எண்ணிச் சேராதீர்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆனர்ஸ் பொருளியலில் சேர பிளஸ் டூ கணிதம் கட்டாயம். கேரளத்துக் கல்லூரிகளில் பொதுவாக அப்படி இல்லை என்பதால் சேர்க்கையில் உங்களுக்குத் தடை இராது. தடை பின்னால்தான் வரும். மேற்படிப்புக்கான ஐ.ஐ.டி. ஜாம் தேர்வின் பொருளியல் தாளில் கணிதமும் புள்ளியியலும் தனித்தனிப் பகுதிகளாகவே இடம்பெற்றுள்ளன.

பொருளியலுக்குக் கணிதம் எதற்கு என்பதை உங்கள் ஊர் வயலிலிருந்தே பார்க்கலாம். 2022-23ஆம் ஆண்டில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை கிலோவுக்கு 20 ரூபாய் 40 காசு. கேரள அரசு தன் பங்காக 7 ரூபாய் 80 காசு சேர்த்து, சப்ளைகோ என்ற தன் பொது வழங்கல் கழகத்தின் மூலம் 28 ரூபாய் 20 காசுக்குக் கொள்முதல் செய்தது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாடு அரசு 75 காசு சேர்த்து 21 ரூபாய் 15 காசு கொடுத்தது. இரண்டு விலைகளுக்கும் இடையே ஏழு ரூபாய் இடைவெளி இருந்தால் நெல் எந்தப் பக்கம் நகர முயலும் என்பதையும், சப்ளைகோ உழவர்களை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்வது ஏன் என்பதையும் யாரும் ஊகித்துவிடலாம். ஆனால் விலையை ஒரு ரூபாய் உயர்த்தினால் சித்தூர் வட்டத்தில் எத்தனை ஏக்கர் கூடுதலாக நெல்லுக்குத் திரும்பும், தென்னையை விட்டு ஒருவர் நெல்லுக்கு வருவாரா, கொள்முதல் பணம் கைக்கு வரச் சில மாதங்கள் தாமதமானால் அந்த 28 ரூபாய் உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று கேட்டால், ஊகம் போதாது. அங்கே விலை மாறினால் விளைச்சல் எவ்வளவு மாறும் என்று அளக்கும் அளிப்பு நெகிழ்ச்சியும், வட்டிக் கணக்கும், ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறும் என்று தரவுகளிலிருந்து கணிக்கும் தொடர்புப்போக்குப் பகுப்பாய்வும் தேவைப்படுகின்றன. செய்தித்தாளை ஆர்வமாகப் படிப்பவரையும் பொருளியல் படித்தவரையும் பிரிப்பது இந்த 'எவ்வளவு' என்ற கேள்விதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழ்வழியில் படித்தது இதில் உங்களுக்கு ஒரு நன்மை. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் வெளியிட்டுள்ள 11, 12ஆம் வகுப்பு 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' நூல்கள் தமிழிலேயே இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதினொன்றாம் வகுப்பு நூலில் அணிகள், வகை நுண்கணிதம் (டிஃபரன்ஷியல் கால்குலஸ்), அதைப் பயன்படுத்தி இறுதிநிலைச் செலவையும் (கூடுதலாக ஓர் அலகு உற்பத்தி செய்ய ஆகும் செலவு) தேவை நெகிழ்ச்சியையும் காணும் முறை, இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதைக் காட்டும் ஒட்டுறவு ஆகியவை உள்ளன. பி.ஏ. முதல் ஆண்டில் திகைக்க வைப்பவை பெரும்பாலும் இவைதாம். கல்லூரி திறப்பதற்குள் வகை நுண்கணிதப் பகுதியை மட்டுமாவது கணக்குப் போட்டுப் பழகிவிடுங்கள். கல்லூரி நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கும். கருத்து தமிழில் தெளிந்திருந்தால் ஆங்கிலக் கலைச்சொற்கள் விரைவில் வசப்படும்.

கேரளத்தில் 2024 முதல் நடைமுறையில் உள்ள நான்காண்டுப் பட்டப்படிப்பு முறையும் உங்களுக்கு உதவும். மூன்றாண்டில் பட்டத்துடன் வெளியேறலாம், நான்காம் ஆண்டும் படித்து ஆனர்ஸ் பெறலாம்; முதன்மைப் பாடத்தோடு துணைப்பாடங்களையும் தேர்ந்தெடுக்கலாம். எளிது என்று மற்றவர்கள் சொல்லும் பாடத்தை எடுக்காமல், புள்ளியியலையோ கணிதத்தையோ துணைப்பாடமாக எடுங்கள். அவை கிடைக்குமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆகவே விருப்பப் பட்டியல் கொடுக்குமுன் நேரில் சென்று துறையில் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிந்த உடனே வீட்டுக்குச் சம்பளம் வந்தாக வேண்டிய நிலை என்றால், கணக்கு எழுதவும் வரி விவரங்கள் தாக்கல் செய்யவும் ஆள் தேடும் அலுவலகங்கள் பி.காம். படித்தவரையே முதலில் அழைக்கும். பி.ஏ. பொருளியலின் முழுப் பயன் எம்.ஏ.வுக்குப் பிறகே கைக்கு வருகிறது. அந்த இரண்டு ஆண்டுகளைக் குடும்பத்தால் தாங்க முடியுமா என்பதை அப்பாவுடன் உட்கார்ந்து இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

கேள்வி: பி.ஏ. பொருளியல் படிக்கும் என் மகன், டிகிரி முடிந்ததும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதப் போவதாகச் சொல்கிறான். முடியுமா?
– ஒரு தாய், தேவிகுளம்

பதில்: முடியாது, அம்மா. யு.பி.எஸ்.சி. நடத்தும் அந்தத் தேர்வுக்குப் பொருளியல், பயன்பாட்டுப் பொருளியல், வணிகப் பொருளியல், பொருளாதார அளவியல் இவற்றுள் ஒன்றில் முதுகலைப் பட்டம் வேண்டும். வயது 21 முதல் 30 வரை, சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வின் 1,000 மதிப்பெண்களில் 800 பொருளியலுக்கே உரியவை. குடிமைப் பணித் தேர்வையும் வங்கித் தேர்வுகளையும் வெறும் பட்டத்தோடு எழுதலாம் என்பதால் பலர் அவற்றோடு இந்தத் தேர்வையும் குழப்பிக்கொள்கிறார்கள். எம்.ஏ.வுக்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. பொருளியல் அறிஞர் கே.என்.ராஜ் 1970களின் தொடக்கத்தில் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மகனை இரண்டின் சேர்க்கை அறிவிப்புகளையும் கவனித்து வரச் சொல்லுங்கள்.