ஆங்கிலக் கதைகளின் கூறுகள்: தேர்வுக்கு முன் வந்த சில கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத் தொட்டு நிற்கின்றன. கலைச்சொற்களுக்கான விளக்கம் மாணவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிகிறது. ஆனால் கதையைக் கையில் கொடுத்தால் அவற்றை அடையாளம் காணத் தடுமாறுகிறார்கள். ஆகவே எல்லாப் பதில்களுக்கும் பொதுவாக ஒரு சிறு கதையை நானே அமைத்துக்கொள்கிறேன்.

இடைநிலைப் பள்ளியின் இறுதி ஆண்டான ஐந்தாம் படிவம் முடித்த மகள், மேற்படிப்புக்கான அழைப்புக் கடிதம் வந்ததா என்று மாலைதோறும் தோட்ட அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறாள். ரப்பர் மரங்களில் பால்வெட்டும் தொழிலாளியான தந்தை அந்தக் கடிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறார். மழைக்காலம் என்பதால் வேலை நாள்கள் குறைந்து கையில் பணமில்லை. மகளைப் பிரியவும் மனமில்லை. ஓர் இரவு வெள்ளம் அவர்கள் வசிக்கும் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குள் புகுகிறது. சாமான்களை மேலே தூக்கி வைக்கும்போது மகள் கடிதத்தைக் காண்கிறாள். வெள்ளம் வடிந்த காலையில், காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குக் கிளம்பும் தந்தையின் முன் அதை வைக்கிறாள். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்கிறார்.

'தீம்' என்ன என்ற கேள்விக்குக் 'குடும்பப் பாசம்' என்று எழுதினேன். அது போதாது என்று ஆசிரியர் சொல்கிறார். ஏன்? (நான்காம் படிவ மாணவி)

உங்கள் ஆசிரியர் சொல்வது சரி. குடும்பப் பாசம் என்பது கதை எதைப் பற்றியது என்பதை மட்டுமே காட்டுகிறது. அந்தப் பாசத்தைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பதே தீம். தமிழ் இலக்கியப் பாடத்தில் கருப்பொருளை ஓரிரு சொல்லில் எழுதிப் பழகியவர்களுக்கு இது முதலில் கடினமாக இருக்கும். முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள்: "பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற அச்சம், பாசமுள்ள பெற்றோரையே பிள்ளையின் வழியை மறிக்கச் செய்யலாம்." இதில் பாத்திரத்தின் பெயரோ கடிதமோ இல்லாததால் இது வேறு கதைகளுக்கும் பொருந்தும், அதே வேளையில் நம் கதையிலிருந்து சான்று காட்டவும் முடியும். "பெற்றோர் பிள்ளைகளிடம் எதையும் மறைக்கக் கூடாது" என்று எழுதினால் அது அறிவுரையாகிவிடும். கதையின் தந்தையைக் குற்றவாளியாக மட்டும் பார்க்கும் அந்த வாக்கியம், அவர் இறுதியில் கேட்கும் கேள்வியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கதையில் மிகவும் பரபரப்பான நிகழ்ச்சிதானே 'கிளைமாக்ஸ்'? (ஐந்தாம் படிவ மாணவர்)

இல்லை. எனக்கு வரும் விடைகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுதான். நம் கதையில் பரபரப்பானது வெள்ளம். ஆனால் மகளுக்கும் தந்தைக்கும் இடையே சொல்லப்படாமல் கிடந்த சிக்கலை வெள்ளம் தீர்க்கவில்லை, வெளியே கொண்டுவர மட்டுமே செய்கிறது. கடிதத்தைக் கண்டவள் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாய்மூடி இருந்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் தந்தையின் முன் அதை வைக்கும் கணத்துக்குப் பிறகு இருவரும் பழைய நிலைக்குத் திரும்பவே முடியாது, அதுவே உச்சம். முதன்மைச் சிக்கல் எந்த இடத்தில் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டால் உச்சம் தானே அகப்படும்.

கதையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டப் பாடநூல்களில் வரும் முக்கோணப் படத்துக்கு மூலம், ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863இல் ஐந்து அங்க நாடகங்களுக்காக வகுத்த அமைப்பாகும். அவர் உச்சத்தை நடுவில், மூன்றாம் அங்கத்தில் வைத்தார். இன்றைய சிறுகதைகளில் அது பெரும்பாலும் முடிவை ஒட்டியே வருகிறது. ஆகவே படத்தில் உள்ள இடத்தைப் பார்த்துக் கதையின் நடுப்பக்கத்தில் உச்சத்தைத் தேட வேண்டாம்.

'பிளாட்' எனப்படும் கதைப்பின்னலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் ஒரு வேறுபாட்டைக் காட்டினார்: நிகழ்ச்சிகள் காலவரிசையில் வந்தால் அது கதை, காரண காரியத்தோடு வந்தால் அது பின்னல். உங்கள் சுருக்கத்தில் 'பிறகு' என்ற சொல்லே திரும்பத் திரும்ப வந்து 'ஆகவே', 'அதனால்' போன்றவை வராவிட்டால், நீங்கள் இன்னும் பின்னலை எழுதவில்லை.

'டோன்', 'மூட்' இரண்டும் ஒன்றா? (மாணவி)

அல்ல. டோன் என்பது எழுதுபவர் தாம் சொல்லும் பொருள்மீது கொண்டுள்ள மனப்பாங்கு. மூட் என்பது வாசிக்கும்போது நமக்குள் எழும் உணர்வு. தந்தையைப் பரிவோடு சித்திரிப்பது டோன். வெள்ள இரவைப் படிக்கையில் நமக்கு ஏற்படும் பதற்றம் மூட்.

'செட்டிங்' கேள்விக்கு இடமும் காலமும் எழுதினால் போதாதா? (பிரத்தியேக வகுப்பு மாணவர்)

இடமும் காலமும் தொடக்கம் மட்டுமே. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, பாடலின் ஒழுக்கத்தை அவற்றோடு பிணைத்தது. பின்னணி வெறும் அலங்காரம் அன்று என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. மழை பெய்தால் மரப்பட்டை நனைந்து பால்வெட்டு நின்றுவிடும். வெட்டிய பாலும் மங்கு எனப்படும் பால் கோப்பையில் நீரோடு கலந்து வீணாகும். அதனால் கூலி குறைகிறது, தந்தையின் அச்சம் கூடுகிறது. இதே கதையைக் கோலாலம்பூர் அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள்: மறைப்பதற்கு வேறு காரணமும், கடிதம் வெளிப்படுவதற்கு வேறு வழியும் தேவைப்படும். பின்னணியை மாற்றினால் எது உடைகிறதோ அதைத்தான் விடையில் எழுத வேண்டும்.

உவமை, உருவகம் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதே பதில்தான். "மழை எங்கள் சம்பளத்தைக் கழுவிக்கொண்டு போனது" என்ற வரியை 'மெட்டஃபர்' என்று பெயரிடுவது முதல் படி மட்டுமே. மங்கில் கழுவப்பட்ட பாலும் மாதக் கடைசியில் கைக்கு வராத பணமும் இந்தக் குடும்பத்துக்கு ஒன்றே என்பதை அந்த வரி எப்படி உணர்த்துகிறது என்று விளக்கினால்தான் விடை நிறைவு பெறும்.

'ஐரனி' (முரண்நகை) எத்தனை வகைப்படும்? (பெயர் குறிப்பிடாதவர்)

பள்ளியளவில் மூன்று. சொல்வது ஒன்றும் கருதுவது வேறொன்றுமாக இருப்பது 'வெர்பல்'. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நிகழ்வது 'சிச்சுவேஷனல்'. வாசகர் அறிந்ததைப் பாத்திரம் அறியாதிருப்பது 'டிராமேட்டிக்': அவள் அலுவலகத்தில் விசாரிக்கும் ஒவ்வொரு மாலையும் கடிதம் எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். வெறும் துரதிர்ஷ்டத்தை ஐரனி என்று எழுதாதீர்கள்.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) ஆங்கிலத் தாளில் கதை எழுதத் தேர்ந்தெடுக்கலாமா? (ஐந்தாம் படிவ மாணவர்)

எழுத்துத் தாளின் மூன்றாம் பகுதியில் கேட்கப்படுவது 200 முதல் 250 சொற்கள். அதற்குள் இரண்டு பாத்திரங்கள், ஒரு சிக்கல், ஒரே நாள் என்ற அளவே தாங்கும். பிறந்த நாளிலிருந்து தொடங்குபவர்கள் உச்சத்தை எட்டும் முன்பே சொற்களைச் செலவழித்துவிடுகிறார்கள். நம் கதையை நான் வெள்ள இரவிலிருந்தே தொடங்குவேன். இந்தக் கட்டுப்பாட்டை ஏற்க முடியாதவர்கள் அந்தப் பகுதியில் தரப்படும் வேறு வகையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

நான் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மகனுக்கு எப்படி உதவுவது? (ஒரு தாய்)

அம்மா, உங்களால் மிக நன்றாகவே உதவ முடியும். மகன் படித்த கதையைப் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். இடையிடையே நீங்கள் கேளுங்கள்: கதையில் வருபவனுக்கு என்ன வேண்டும்? யார் அல்லது எது தடுக்கிறது? ஏன் அப்படிச் செய்தான்? கடைசியில் யார் மாறினார்கள்? இதையெல்லாம் நமக்குச் சொல்வது யார், அவருக்கு எல்லாம் தெரியுமா? மகன் விடை சொல்லத் திணறும் இடத்தில் அந்தப் பக்கத்தை மறுபடியும் படிக்கச் சொல்லுங்கள். விருப்பமும் தடையும் மோதுவதைக் 'கான்ஃப்ளிக்ட்' என்றும், பாத்திரத்தின் செயலுக்கான காரணத்தை 'மோட்டிவேஷன்' என்றும், சொல்பவரின் நிலையைப் 'பாயின்ட் ஆஃப் வியூ' என்றும் மகன் தன் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும்.