ஆங்கிலம் கேளுங்கள்: ‘ஸ்டெடி’ என்றால் அசையாததா?

கேள்வி: பொது ஆங்கிலப் பயிற்சியில் ‘ஸ்டெடி ரெயின்’ என்பதை ‘நிலையான மழை’ என்று எழுதினேன். ரீச்சர் வெட்டிவிட்டார். அகராதியில் ‘நிலையான’ என்றுதானே போட்டிருக்கிறது?
– உயர்தர மாணவி, உப்புவெளி

பதில்: பிள்ளை, அகராதி சொன்னது சரி, ஆனால் அரைவாசிதான். மார்கழியில் எங்கள் ஊரில் பெய்கிற மழையை நினைத்துப் பாருங்கள். காலையில் பிடித்தால் அடித்து ஊற்றவும் மாட்டாது, விடவும் மாட்டாது, பின்னேரம் வரை ஒரே கணக்கில் பெய்துகொண்டிருக்கும். அதுதான் ஸ்டெடி ரெயின். ‘விடாத மழை’ என்றோ ‘ஒரே சீரான மழை’ என்றோ எழுதியிருந்தால் ரீச்சர் புள்ளி போட்டிருப்பார்.

அசையாமல் நிற்பதை மட்டும் இந்தச் சொல் குறிக்கும் என்று எடுத்துக்கொள்வதால்தான் பலர் இடறுகிறார்கள். வகுப்பில் நான் பலகையில் மூன்று கோடு கீறிக் காட்டுவேன். ஒன்று படுக்கையாக, நேராகப் போகும். இரண்டாவது சரிவாக, ஆனால் வளையாமல் மேலே ஏறும். மூன்றாவதும் மேலேதான் ஏறும், ஆனால் ரம்பப் பல்லுப் போல மேலும் கீழும் குதித்துக்கொண்டு. முதல் இரண்டும் ஸ்டெடி, மூன்றாவது இல்லை. இரண்டாவது கோட்டைக் கீழ்நோக்கிக் கீறினாலும் ஸ்டெடிதான். ‘ஸ்டெடி டிக்ளைன்’ என்று பத்திரிகையில் வந்தால் மாதா மாதம் விழுந்துகொண்டே போகிறது என்று பொருள். நல்லதா கெட்டதா என்பது இந்தச் சொல்லுக்குள் இல்லை. போகிற போக்கில் தள்ளாட்டம் இல்லை என்பது மட்டும்தான் இருக்கிறது.

இதை மிகத் துல்லியமாகப் பாவிக்கிறவர்கள் கப்பல்காரர்கள். சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல் கொட்டியாரக் குடாவால் வந்து உள்துறைமுகத்துக்குள் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு பக்கம் திரும்பத் தொடங்கினால், சுக்கானை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும் திரும்பிக்கொண்டேதான் இருக்கும். அப்போது ‘ஸ்டெடி’ என்று கட்டளை வரும். திரும்புகிற வேகத்தை எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக அடக்கு என்பது அதன் பொருள். சுக்கான் பிடிப்பவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லி, எதிர்ப்பக்கம் சுக்கானைக் கொடுத்து, கப்பலின் முன்பக்கமான அணியத்தை அடக்குவார். ‘ஸ்டெடி ஆஸ் ஷீ கோஸ்’ என்றால் வேறு: கட்டளை வந்த அந்தக் கணத்தில் திசைகாட்டி எதைக் காட்டியதோ அந்தத் திசையையே பிடித்துக்கொண்டு போக வேண்டும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட கப்பல் தொடர்பாடல் சொற்றொடர்களில் இரண்டும் இருக்கின்றன. இரண்டிலும் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள், பிள்ளை.

மற்றப்படி இடத்துக்கு ஏற்ற தமிழைத் தேடுங்கள். ‘ஸ்டெடி ஹேண்ட்’ நடுங்காத கை. ‘ஸ்டெடி ஜாப்’ நிரந்தர வேலை; மாதம் பிறந்தால் சம்பளம் வரும். ஒருவர் ஏற, மற்றவர் ஏணியை ஆடாமல் பிடித்தால் அந்தப் பிடிப்பதும் ‘ஸ்டெடி’தான், அங்கே அது வினைச்சொல். கோபத்தில் கத்துகிறவரைப் பார்த்து ஆங்கிலேயர் ‘ஸ்டெடி ஆன்’ என்பார்கள். நாங்கள் ‘கொஞ்சம் பொறுங்கோ’ என்போம்.

கேள்வி: வாப்பாவை வார்டில் பார்த்த டொக்டர் ‘ஸ்டேபிள்’ என்று சொன்னார். ஸ்டெடியும் இதுவும் ஒன்றா? சுகம் வந்துவிட்டது என்று எடுக்கலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: தம்பி, வாப்பா நல்லபடி வீடு வரட்டும். அந்தச் சொல்லை ‘சுகமாகிவிட்டது’ என்று எடுக்க வேண்டாம். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு போன்றவை இப்போதைக்கு பெரிதாக மாறாமல் இருக்கின்றன என்பதே அதன் கருத்து. கடுமையான நோயாளியையும் ‘கிரிட்டிக்கல் பட் ஸ்டேபிள்’ என்பார்கள்: நிலைமை கடுமைதான், ஆனால் மோசமாகிக்கொண்டு போகவில்லை. ஆறுதலான சொல்தான், முடிவான சொல் இல்லை. அடுத்த முறை டொக்டரைக் கண்டால், “நேற்றையை விட இன்று எது மாறியிருக்கிறது?” என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

ஸ்டெடிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மூதூரில் இருக்கிற உங்களுக்கு லேசாகப் பிடிபடும். வாடைக்காலத்துக் கடலில் ஒரு வள்ளம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். சாய்ந்தாலும் திரும்ப நிமிரும். அந்த வள்ளம் ஸ்டேபிள். ஆனால் அந்த நேரத்தில் அது ஸ்டெடி இல்லை, ஆடிக்கொண்டுதானே இருக்கிறது. தள்ளினாலும் பழைய நிலைக்குத் திரும்புவது ஸ்டேபிள். தள்ளாட்டமே இல்லாமல் போவது ஸ்டெடி.

கேள்வி: நாங்கள் சொல்லும் ‘ஸ்திரம்’ இந்தச் சொற்களுக்குச் சொந்தமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: சொந்தம்தான். ஸ்டெடிக்குள் இருக்கும் ‘ஸ்டெட்’ இடத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். ‘இன்ஸ்டெட்’ என்பதிலும் அதுவே இருக்கிறது. ஸ்டேபிள் இலத்தீன் வழியாக வந்தது. ஸ்திரம், ஸ்தானம் இரண்டும் சமஸ்கிருதத்தில் ‘ஸ்தா’ என்ற வேரிலிருந்து வந்தவை. எல்லாமே நிற்பதைக் குறிக்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். எங்கள் ‘நிலை’ மட்டும் வேறு குடும்பம். அது ‘நில்’ என்பதிலிருந்து பிறந்தது.