பழைய அம்பாசிடர் பெட்ரோல் காரில் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) எப்படி வைப்பது? வேக்குவம் குழாய் அவசியமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: மார்க் 4 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, பிளக்கெல்லாம் புதுசு. ஆனாலும் சமதளத்தில் வண்டி மந்தம். பிளக்குகளுக்கு வரிசையாகக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் பிக்கப் வருகிறது, மேடு ஏறும்போது மட்டும் 'கட கட'வென்று அடிக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாயை ஒரு மெக்கானிக் "இது தேவையில்லை" என்று கழற்றிவிட்டிருக்கிறார். எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டால் தீருமா என்பது கடைசிக் கேள்வி.

முதலில் அந்தக் குழாயை மாட்டுங்கள். பாதி நோய் அதில்தான் இருக்கிறது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இதே கூத்தை நானும் அடித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு மார்க் 4 இருக்கிறது, அப்பா வாங்கியது. சில வருடங்களுக்கு முன் அது இப்படித்தான் சோம்பலாக ஓட ஆரம்பித்தது. நான் யூடியூப் பார்த்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, சத்தம் நன்றாக வரும் இடத்தில் இறுக்கிவிட்டேன். சத்தியமங்கலம் வரை வண்டி பறந்தது. பெருமை தாங்கவில்லை. பண்ணாரி தாண்டி திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவதோ ஏழாவதோ வளைவில் முன்னால் கரும்பு லாரி, நான் மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி. சூடான எண்ணெயில் கடுகு போட்டதுபோல பானட்டுக்குள் படபடவென்று வெடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் கொதித்தது. வளைவோரத்தில் பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, குரங்குகளோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஊர் திரும்பியதும், எங்கள் பகுதியில் பழைய வண்டி மட்டும் பார்க்கும் மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே இல்லை. பானட்டைத் திறந்து, அந்த மெல்லிய குழாயை விரலால் தடவிக்கொண்டே கார்புரேட்டர் வரை போனார். கார்புரேட்டர் முனையில் குழாயை இணைக்க யாரோ இரண்டு அங்குலத்துக்கு சைக்கிள் வால்வ் டியூப் மாட்டியிருந்தார்கள். பெட்ரோல் ஆவி பட்டு அது ஊறி, உப்பி, அடிப்பக்கம் நீளவாக்கில் கிழிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. "யார் தம்பி இதைப் போட்டது?" என்றார் பாய். பின்னால் நின்ற அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குழாய் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால் உங்கள் வண்டியின் கதையும் விளங்கிவிடும். பிளக்கில் பொறி விழுந்தவுடனே பெட்ரோல் கலவை முழுக்க எரிந்துவிடாது, அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்டுதான். அதில் 2 மில்லிசெகண்ட் போனால் கிராங்க் 36 டிகிரி திரும்பிவிடும். அதனால் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்பு என்பதை மூன்று விஷயங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எஞ்சின் நிற்கும்போது நீங்கள் கையால் வைக்கும் ஸ்டேட்டிக் டைமிங் ஒன்று. வேகம் கூடக்கூட டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விரியும் எடைக் குண்டுகள் இரண்டாவது. மூன்றாவது இந்த வேக்குவம்.

சமதளத்தில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அழுத்தமும் குறைவு, அதனால் எரிவது மெதுவாக நடக்கும். அப்போது பொறி இன்னும் முன்னதாக வேண்டும். கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு முக்கால்வாசி மூடியிருப்பதால் இழுப்பு, அதாவது வேக்குவம், பலமாக இருக்கும். அந்த இழுப்பு குழாய் வழியாக, டிஸ்ட்ரிபியூட்டரில் ஒட்டியிருக்கும் வேக்குவம் டப்பாவுக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வை இழுக்கும். டயஃப்ரம், பாயிண்ட் (திறக்கும்போது பொறியை உண்டாக்கும் சின்ன சுவிட்ச்) இருக்கும் தட்டைத் திருப்பிவிடும். மேட்டில் முழுசாக மிதித்தால் இழுப்பு விழுந்துவிடும், தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும், டைமிங் தானாகப் பின்வாங்கும்.

குழாய் இல்லையென்றால் சமதளத்துக்கு வேண்டிய அந்தக் கூடுதல் அட்வான்ஸ், அதாவது பொறி முன்னதாக விழுவது, கிடைக்காது. மந்தம் அதனால்தான். அதைச் சரிக்கட்ட நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினீர்கள், நானும் திருப்பினேன். ஆனால் நாம் கையால் கொடுத்த அட்வான்ஸுக்குப் பின்வாங்கத் தெரியாது. மேட்டிலும் அப்படியே நிற்கும். கடுகு வெடிப்பது அங்கேதான்.

இனி வைக்கும் முறை. வரிசை முக்கியம்: பாயிண்ட், டைமிங், வேக்குவம், கடைசியில்தான் கார்புரேட்டர். முதல் மூன்றையும் பார்க்காமல் கார்புரேட்டரில் கை வைப்பது வீண் வேலை.

பாயிண்ட் கேப்பை (பாயிண்ட் திறக்கும்போது இருக்கும் இடைவெளி) முதலில் வைக்கக் காரணம் உண்டு: கேப் மாறினால் டைமிங்கும் மாறும். கேப் அகலமானால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னே போகும். பாயிண்ட்டின் குதிகால் (கேமில் உரசும் பகுதி) தேய்ந்து கேப் குறைந்தால் டைமிங் பின்னே போகும். கேம் முனையில் குதிகால் உச்சியில் நிற்கும்போது ஃபீலர் கேஜால் 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர் வையுங்கள். பிளக் கேப் 25 தௌ. புது பாயிண்ட் மாட்டும்போது காயிலிலிருந்து வரும் ஒயர், கண்டென்சர் ஒயர், பாயிண்ட் ஸ்பிரிங் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். நடுவில் இருக்கும் கம்பத்தைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக் வாஷரை இடம் மாற்றிப் போட்டு அரைநாள் கரண்ட் தேடியவர்கள் நிறைய பேர். கூட்டத்தில் நானும் உண்டு.

அடுத்து ஒன்றாம் சிலிண்டர், ரேடியேட்டர் பக்கம் இருப்பது. நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும். ஒன்றாம் பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து, ஹேண்டில் போட்டோ, டாப் கியரில் வண்டியை முன்னுக்குத் தள்ளியோ எஞ்சினைச் சுற்றுங்கள். விரலை 'புஸ்' என்று தள்ளும்போது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். இப்போது கிராங்க் புல்லியில் இருக்கும் வெட்டைத் தேட வேண்டும். டைமிங் கவரில் மூன்று கூர்முனைகள் இருக்கும்: நீளமானது டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்), மற்ற இரண்டும் அதற்கு 5, 10 டிகிரி முன்பு. பழைய எஞ்சின்களில் இவை அடிப்பக்கம் இருப்பதால் வண்டிக்குக் கீழே படுக்க வேண்டிவரும். முப்பது வருட எண்ணெய்ப் பிசுக்கில் வெட்டு கண்ணுக்கே தெரியாது. பாய் தன் வெற்றிலைப் பையிலிருந்து ஒரு துளி சுண்ணாம்பை எடுத்து வெட்டில் தடவிவிட்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கும் அதுதான் பெயின்ட்.

எத்தனை டிகிரி என்பது உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷனைப் பொறுத்தது, மேனுவலில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் 5 டிகிரியில் ஆரம்பித்தேன். குறியைத் தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பி நிறுத்தாதீர்கள். டைமிங் செயினில் இருக்கும் தளர்வு கணக்கைக் கெடுக்கும். நன்றாகப் பின்னே போய், மறுபடி முன்னோக்கி வந்தே குறியில் நிறுத்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் இப்போது அதன் மூடியில் (கேப்) ஒன்றாம் பிளக் ஒயர் இருக்கும் முனையைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து இடஞ்சுழியாக 1, 3, 4, 2 என்ற வரிசையில் பிளக் ஒயர்கள்.

பொறி எப்போது விழுகிறது என்று காட்ட ஒரு 12 வோல்ட் பல்ப் போதும். ஒரு ஒயர் டிஸ்ட்ரிபியூட்டரின் லோ டென்ஷன் டெர்மினலில் (காயிலிலிருந்து மெல்லிய ஒயர் வந்து சேரும் முனை), இன்னொன்று எஞ்சின் பாடியில். இக்னிஷனைப் போடுங்கள். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் திசையிலேயே கொஞ்சம் திருப்புங்கள், பல்ப் அணையும். பிறகு எதிர்த்திசையில், மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாக, மயிரிழை மயிரிழையாகக் கொண்டுவாருங்கள். பல்ப் எரியும் அந்தக் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம். அங்கேயே இறுக்குங்கள். இக்னிஷனை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், காயில் சுட்டுப்போகும்.

சில டிஸ்ட்ரிபியூட்டர்களில் வேக்குவம் டப்பாவுக்குப் பக்கத்தில் சொரசொரப்பான சின்னத் திருகு ஒன்றும் A (அட்வான்ஸ், முன்னே), R (ரிடார்ட், பின்னே) என்ற எழுத்துகளும் இருக்கும். அது நுண் சரிசெய்தலுக்கு. ஏறக்குறைய 11 'கிளிக்' ஒரு டிகிரி. வேலை தொடங்கும் முன் அதை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரோப் லைட் (பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் விளக்கு) இருந்தால் எஞ்சின் ஓடும்போதே குறியைப் பார்க்கலாம். அப்போது வேக்குவம் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிடுங்கள். ஐடிலிங்கையும் நன்றாக இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடைக் குண்டுகள் விரிய ஆரம்பித்து அதன் அட்வான்ஸையும் சேர்த்துக் காட்டும்.

வேக்குவத்துக்கு வருவோம். இந்த எஞ்சினில் கார்புரேட்டர் ஒரு பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் மறுபக்கம். குழாய் எஞ்சினைச் சுற்றிக்கொண்டு போவதால் எங்கே வேண்டுமானாலும் உரசி ஓட்டை விழலாம். அது மாட்ட வேண்டிய இடம் கார்புரேட்டர் உடம்பில், த்ராட்டில் தகட்டை ஒட்டியிருக்கும் சின்ன முனை. ஐடிலில் தகடு மூடியிருக்கும்போது அங்கே இழுப்பு இருக்காது, லேசாக மிதித்தால்தான் வரும். மேனிஃபோல்டில் வேறு ஏதாவது துளை கிடைத்தது என்று அதில் மாட்டினால் ஐடிலிலேயே முழு அட்வான்ஸ் ஏறிவிடும்.

டயஃப்ரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க பாயின் வழி: டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, குழாயின் கார்புரேட்டர் முனையை வாயில் வைத்து உறிஞ்சுவது. பாயிண்ட் தட்டு திரும்ப வேண்டும். நாக்கால் முனையை அடைத்துக்கொண்டால் தட்டு அங்கேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் எங்கோ கசிகிறது. பெட்ரோல் வாடை அரைமணி நேரம் வாயை விட்டுப் போகாது, ஒரு சிரிஞ்ச் வைத்து உறிஞ்சிக்கொள்வது நாகரிகம். தட்டு திரும்பும்போது அதிலிருக்கும் சின்ன எர்த் ஒயரையும் உற்றுப் பாருங்கள். அதன் பின்னலுக்குள் இழைகள் அறுந்திருந்தால், வேக்குவம் இழுக்கும்போது மட்டும் வண்டி மிஸ் அடிக்கும், குழாயைக் கழற்றினால் சரியாகிவிடும். உங்கள் மெக்கானிக் "தேவையில்லை" என்று சொன்னதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கார்புரேட்டர் மேனிஃபோல்டோடு சேரும் கேஸ்கெட்டிலும் தேய்ந்துபோன த்ராட்டில் ஸ்பிண்டிலிலும் காற்று உள்ளே போனால் ஐடிலில் குலுங்கும். அந்த இடங்களில் சிரிஞ்சால் துளித்துளியாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், எஞ்சின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். சிலர் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்ஸர் மேனிஃபோல்ட் அதே பக்கம்தான் இருக்கிறது என்பதை மறந்தவர்கள் அவர்கள். ரப்பர் துண்டு மாற்றும்போது பெட்ரோல் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு ஆகவே ஆகாது. சைக்கிள் வால்வ் டியூப் வேண்டவே வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் ரோடு டெஸ்ட். எஞ்சின் சூடான பிறகு, சமதளத்தில், டாப் கியரில் 40 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதியுங்கள். ஓரிரு நொடி லேசாகக் கடகடத்து அடங்கினால் சரி. தொடர்ந்து அடித்தால் R பக்கம் சில கிளிக். சத்தமே வராமல், இழுவையும் இல்லையென்றால் A பக்கம் சில கிளிக். திருகு இல்லாதவர்கள் டிஸ்ட்ரிபியூட்டரையே ஒரு நூலளவு நகர்த்த வேண்டியதுதான்.

எலக்ட்ரானிக் கிட் பற்றி: போடலாம். தேயும் குதிகால் இல்லை என்பதால் வைத்த டைமிங் நகராது. ஆனால் அது பாயிண்ட் செய்யும் வேலையை மட்டும்தான் செய்யும். கிழிந்த டயஃப்ரத்தையும் கழற்றிப் போட்ட குழாயையும் அது கண்டுகொள்ளாது. என் வண்டியிலும் இப்போது கிட்தான். பழைய பாயிண்ட் செட்டும், ஓடிக்கொண்டிருந்த கண்டென்சரும், கிட் வேலையை நிறுத்தினால் வழியிலேயே மாற்றிக்கொள்ள ஒரு ஸ்க்ரூடிரைவரோடு டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருக்கின்றன. அப்பா அதிலேயே சைக்கிள் வால்வ் டியூப் ஒன்றும் போட்டு வைத்திருந்தார். எடுத்து எறிந்துவிட்டேன், இன்னும் அவருக்குத் தெரியாது.