சேனல் வருமானம் சம்பளத்தைத் தாண்டிவிட்டது, வேலையை விடலாமா?

கேள்வி: கோவையில் பம்பு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சம்பளம் 19,500 ரூபாய். மோட்டார் காயில் கட்டுவது பற்றி யூடியூபில் வீடியோ போடுகிறேன். நான்கு மாதமாக அதில் மாதம் 40,000 ரூபாய்க்குக் குறையவில்லை. வேலையை விட்டுவிடலாமா? ஒரு நிறுவனம், ‘அமெரிக்க வரி உட்பட எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வருமானத்தில் 30 சதவீதம் கொடுங்கள்’ என்று மூன்றாண்டு ஒப்பந்தம் கேட்கிறது.

வரி ஆலோசகர் பதில்: இப்போதைக்கு விடாதீர்கள். சேனலின் கணக்கைக் காட்டும் ‘யூடியூப் ஸ்டுடியோ’ பக்கத்தில் வருமானத்தை வீடியோ வாரியாகப் பாருங்கள். என்னிடம் கணக்குக் கொண்டுவருபவர்களில் பலருக்கு ஒன்றிரண்டு வீடியோக்கள்தான் மொத்தச் சுமையையும் தாங்குகின்றன. விளம்பர வருவாயில் நீள வீடியோவுக்கு 55 சதவீதம், ஷார்ட்ஸ் எனும் குறு வீடியோவுக்கு 45 சதவீதம் உங்கள் பங்கு என்பது உறுதி. வீடியோவை எத்தனை பேர் கண்ணில் காட்டுவது என்பது மட்டும், யூடியூபில் வீடியோக்களைப் பரிந்துரைக்கும் கணினி நிரலான அல்காரிதத்தின் விருப்பம். அது வேறு பக்கம் திரும்பிவிட்டால் முறையிட மேலாளர் கிடையாது.

வேலையில் இருக்கும்வரை பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இணையத் தளங்களை நம்பிப் பிழைப்பவர்களையும் காப்பதாகச் சொல்கிறது. அதன் அட்டவணையில் உள்ளடக்கம், ஊடகச் சேவை என்றுகூட ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைக் காட்டி எந்த மருத்துவமனையில் படுக்கை வாங்குவது?

அடுத்து அந்த நிறுவனம். இவர்கள் முதலில் கேட்பது சேனலின் ‘உரிமையாளர்’ பொறுப்பை. கொடுத்துவிட்டால் உங்களையே வெளியேற்ற அவர்களால் முடியும். அடுத்து, பணம் அவர்கள் கணக்குக்குப் போய், பிடித்தம் போக உங்களுக்கு வரும். ஒப்பந்தத்தில் ‘முன்கூட்டி விலகினால் இழப்பீடு’ என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சந்தாதாரர்களை விலைக்கு வாங்கித் தருகிறோம் என்பவனை வாசலோடு அனுப்புங்கள். அந்தச் சந்தாதாரர்கள் வீடியோ பார்ப்பதில்லை, சேனலும் முடக்கப்படலாம்.

அமெரிக்க வரியைச் சொல்லித்தான் இவர்கள் அதிகம் பயமுறுத்துகிறார்கள். விஷயம் இவ்வளவுதான். மாதம் 100 டாலர் வருகிறது, அதில் 10 டாலர் அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்ததால் வந்தது என்று வையுங்கள். யூடியூப் பணத்தை உங்களுக்கு அனுப்பும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் வரிப் படிவத்தை நிரப்பி, இந்திய - அமெரிக்க வரி உடன்பாட்டுச் சலுகையையும் கோரினால், அந்த 10 டாலருக்கு மட்டும் 15 சதவீதம், அதாவது ஒன்றரை டாலர் பிடிப்பார்கள். சலுகை கோர மறந்தால் 30 சதவீதம், மூன்று டாலர். படிவமே கொடுக்காவிட்டால் மொத்த 100 டாலரிலும் 24 சதவீதம்வரை போகலாம். வரி எண் கேட்கும் இடத்தில் உங்கள் பான் எண் போதும். பெயர் பான் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சலைக் குப்பையில் தள்ளாதீர்கள். அரை மணி நேர வேலை இது. இதற்கா 30 சதவீதம்?

பிடித்த தொகையை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கென்று தனிப் படிவம். ஏற்கெனவே இரண்டு அரசுகளுக்கும் தெரிந்த கணக்கை மூன்றாவது முறை நாமே எழுதித் தர வேண்டும். வருமான வரித் துறையின் இணையதளம் கெடுவின் கடைசி வாரத்தில் திறக்காது, முன்னதாகவே போடுங்கள்.

ஓராண்டு வருமானத்தை மாதவாரியாக எழுதி, மிகக் குறைந்த மூன்று மாதங்களின் சராசரி சம்பளத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால், ராஜினாமாவுக்கு முன் மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்டு வேலையிலிருந்து வெளியே வாருங்கள்.