பாம்புக்குப் பெட்டி செய்யப் போகிறேன். ஈரம் தாங்கும் பலகை எது? எம்டிஎஃப் போதுமா?

போதாது. எம்டிஎஃப் என்பது மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை, ஈரம் தாங்காது. பதில் இவ்வளவுதான். ஆனால் கேள்வியைப் பார்த்ததும் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பிவிட்டது. அதைக் கொட்டிவிட்டுத்தான் போவேன்.

என்ன பாம்பு என்று நீங்கள் சொல்லவில்லை. எம்டிஎஃப் பற்றிக் கேட்பதைப் பார்த்தால் இதுதான் முதல் பெட்டி, கையிருப்பில் பாதி பாம்புக்கே போய்விட்டது என்று ஊகிக்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என்னிடம் இருப்பது பந்து மலைப்பாம்பு. மிரண்டால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் ஆப்பிரிக்க இனம். அதற்குப் பெட்டிக்குள் 60 முதல் 80 சதவீதம் ஈரப்பதம் வேண்டும், ஒரு மூலையில் 32 டிகிரி வெப்பமும் வேண்டும். (பாம்பு வளர்க்கலாமா என்று பாடம் எடுக்க வருபவர்களுக்கு: சட்டம் அனுமதிக்கிற இனம்தான், ஆவணங்கள் இருக்கின்றன. இங்கே பேச்சு பலகையைப் பற்றி.)

நான் முதலில் வாங்கியது எம்டிஎஃப்கூட இல்லை, அதற்கு ஒன்றுவிட்ட தம்பியான பார்ட்டிகிள் போர்டு. மேலே வெள்ளை மெலமைன் பூச்சு. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், முத்து முத்தாக உருண்டோடியது. மயங்கிவிட்டேன். நீளம் 120 செ.மீ., அகலமும் உயரமும் 60. அடியில் தென்னை நார்த்தூள், முன்னால் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் இரண்டு கண்ணாடிக் கதவுகள்.

நான்காம் மாதம் கதவு இறுகியது. கதவு ஓடும் பள்ளத்தில் தூள் புகுந்திருக்கும் என்று பிரஷ்ஷால் துடைத்தேன். அடுத்த வாரம் இரண்டு கைகளாலும் தள்ள வேண்டியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், அடிப்பலகையின் முன்விளிம்பு ஊறிய பிஸ்கட்டைப்போல உப்பி, வெள்ளைப் பூச்சைப் பிளந்துகொண்டு நிற்கிறது. நகத்தால் குத்தினேன், நகம் உள்ளே போனது. நார்த்தூளை அள்ளினால் அடியில் ஒரு ஸ்க்ரூவைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. பாம்பைத் தூக்கி வயிற்றைப் பார்த்தேன். வால் பக்கம் மூன்று செதில்கள் பழுப்பேறி, ஓரத்தில் நீர் கோத்திருந்தன.

செதில் அழுகலின் தொடக்கம் என்றார் கால்நடை மருத்துவர். ஈரமும் அழுக்கும் சேர்ந்த தரையில் நாள்கணக்கில் படுத்திருந்ததால் வந்தது. திட்டவில்லை. "பெட்டியை யார் செய்தது?" என்று மட்டும் கேட்டார். தச்சர் என்று பொய் சொன்னேன். வெறும் காகிதம் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். இரண்டு முறை தோலுரித்த பிறகுதான் வயிறு பழைய நிறத்துக்கு வந்தது.

பெட்டியைப் பிரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பலகையின் முகம் முழுக்கப் புதிதாகவே இருந்தது. தண்ணீர் முகத்தால் நுழையவில்லை. வெட்டிய விளிம்பாலும் ஸ்க்ரூ துளையாலும் நுழைந்திருக்கிறது. மரத்தூளைப் பிசின் சேர்த்து அழுத்திச் செய்த பலகை ஒருமுறை உப்பினால், எவ்வளவு காயவைத்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. எம்டிஎஃப்புக்கும் இதே கதிதான்.

துளை விஷயத்தில் என் மைத்துனருக்கும் பங்குண்டு. டிரில்லிங் மெஷினை "ஒரே நாள், மாப்பிள்ளை" என்று வாங்கிப் போனவர் ஐந்து மாதம் கழித்துத்தான் திருப்பித் தந்தார், அதுவும் முனை உடைந்து. கேட்டால், "பாம்புக்குத்தானே, இவ்வளவு அவசரமா?" என்கிறார். நான் முன்துளை போடாமல் ஸ்க்ரூவை அப்படியே முறுக்கி ஏற்றினேன். பூச்சு சுற்றிலும் விரிசல் விட்டது. இரவல் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பவன்தான் எப்போதும் கெட்டவன். இதை எழுதுவது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது பெட்டிக்கு 18 மி.மீ. மரைன் ப்ளைவுட். "மரைன் என்றாலே தண்ணீர் புகாது, பூச்சு எதற்கு?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அதில் தண்ணீரைத் தாங்குவது பசை. அடுக்குகள் பிரியாது, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் மரம் மரம்தான், ஊறும். அதனால் விளிம்புகளுக்கும் துளைகளுக்கும் முதலில் எபாக்சி என்ற இறுகும் பிசின், பிறகு உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் கலந்து வரும் (காய்ந்தபின் கரையாத) பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று முறை, ஒவ்வொரு முறைக்கும் நடுவில் உப்புத்தாள். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே மூலைகளில் சிலிக்கான் வைத்தேன். முதலில் சிலிக்கானை வைத்துவிட்டால் அதன் மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது. பூஞ்சைக்கொல்லி கலக்காத சிலிக்கானாகப் பாருங்கள். காயும்போது வினிகர் வாடை வரும், போய்விடும். ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. தலையை உள்ளே விட்டு முகர்ந்து, ஒரு வாடையும் இல்லை என்று உறுதியாகும்வரை மூன்று வாரம் பாம்பை விடவில்லை. இந்தப் பெட்டிக்கு இப்போது ஆறு வயது. கதவு ஒரு விரலுக்கு நகர்கிறது.

கண்ணாடித் தொட்டியே போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இதே அளவில் ஆறு பக்கமும் 5 மி.மீ. கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டுமே 45 கிலோ, சூடும் நிற்காது. இன்று புதிதாகச் செய்வதானால் பிவிசி ஃபோம் போர்டு என்கிற நுரைத்த பிளாஸ்டிக் பலகையைத்தான் எடுப்பேன். தண்ணீர் குடிக்காது, இலேசு, சூட்டையும் பிடித்து வைக்கும். அதற்கும் குறை உண்டு: ஸ்க்ரூ பிடிமானம் குறைவு, 120 செ.மீ. மேல்பலகை நடுவில் தொய்யும், எனவே அலுமினியச் சட்டம் வேண்டும். 60 டிகிரிக்கு மேல் இளகும் என்பதால் ஹீட்டரை அதை ஒட்டி மாட்டக் கூடாது. நூறு வாட் பீங்கான் ஹீட்டரின் முகம் 200 டிகிரியைத் தாண்டும்.

இதைப் படிக்கும் வேறு யாராவது வளர்ப்பது பாம்பு இல்லை, பியர்டட் டிராகன் போன்ற வறண்ட நிலத்து ஓணான் என்றால் இதில் பாதிக் கவலை வேண்டாம்; அதற்கு 30, 40 சதவீத ஈரப்பதமே போதும். அப்போதும் தண்ணீர்க் கிண்ணம் கவிழும், அடிப்பலகையின் விளிம்பை அடைத்துவிடுங்கள்.

இவ்வளவு சொல்லியும் எம்டிஎஃப்தான் என்றால், கடையில் வெட்டிக் கழித்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, தடிமனை அளந்துவிட்டு, இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். என் முதல் பெட்டியில் மிஞ்சிய 18 மி.மீ. துண்டு காலையில் 22 காட்டியது.