தோல் கேள்விகள்: டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள்

மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கால்விரல் இடுக்கைப் பற்றியவை. மீதி முகத்தின் நிறத்தைப் பற்றியவை. வயது என்ன, எத்தனை நாளாக இருக்கிறது, இதுவரை என்ன பூசினீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள் என்று பல முறை சொல்லிவிட்டேன். மறுபடியும் சொல்கிறேன்.

ரப்பர் பால் வெட்டுகிறேன். விரல் இடுக்கு வெள்ளையாக ஊறி அரிக்கிறது. மண்ணெண்ணெய் தடவினேன், எரிகிறது. (குலசேகரம்)

எரியாமல் என்ன செய்யும்? இது சேற்றுப்புண். விடியுமுன் நனைந்த பூட்ஸை வெயில் ஏறும்வரை கழற்றாமல் இருந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? மழைக்கு மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் கட்டுகிறீர்கள், கால் மட்டும் நனையலாமா? வேலை முடிந்ததும் கழுவி, ஒவ்வொரு இடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். பருத்திக் காலுறை இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றுங்கள். கிளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து மட்டும் உள்ள களிம்பைத் தினம் இருவேளை பூசி, புண் ஆறிய பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். அந்த ‘மட்டும்’ ஏன் என்பது கீழே இன்னொரு பதிலில் வருகிறது. கால் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் களிம்பை விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அந்த வீக்கத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது எங்கள் வழக்கம். மகனுக்கு நெற்றி நிறையப் பரு. எண்ணெயை நிறுத்தவா? (பாறசாலை)

வழக்கம் இருக்கட்டும், நேரத்தை மாற்றுங்கள். குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தேய்த்து, நன்றாக அலசிவிட வேண்டும். குளித்துவிட்டு மறுபடியும் எண்ணெய் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவதுதான் நெற்றிக்கு வழிகிறது. பொடுகு இருந்தால் எண்ணெய் தலையில் தங்கவே கூடாது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அது தீனி. வறண்ட கை கால்களுக்கோ, குளித்த ஈரம் காய்வதற்குள் இதே எண்ணெயைத் தடவலாம். விலை உயர்ந்த லோஷன் தேவையில்லை.

எலுமிச்சைச் சாறு தேய்த்தால் கரும்புள்ளி போகுமா?

சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் புதிதாகக் கருமைதான் வரும். ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு மூன்று மாதத்தில் கல்யாணம். கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கடையில் ஒரு க்ரீம் வாங்கினோம். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது, பருவும் மெல்லிய ரோமமும் வருகின்றன. பழையபடி பூசலாமா? (களியக்காவிளை)

வேண்டாம் அம்மா. அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் முகவரி, உரிமம் எண், உள்ளே உள்ள பொருட்களின் பட்டியல் ஏதாவது இருக்கிறதா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன். பத்து நாளில் வெளுக்க வைக்கும் களிம்பில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், அல்லது பாதரசம் இருக்கும். சிலவற்றில் இரண்டும் உண்டு.

ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். நிறுத்தியதும் சிவப்பும் எரிச்சலும் திரும்ப வருவதால், க்ரீம் இல்லாமல் முடியாது என்று தோன்றிவிடுகிறது. மறுபடி நீங்களாக எதையும் பூச வேண்டாம். தோல் மருத்துவர் படிப்படியாக விடுவிப்பார், அதற்குச் சில மாதங்கள் ஆகும். கல்யாணத் தேதியைச் சொல்லி அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

பாதரசத்தின் கதை வேறு. தோலில் நிறமி உருவாவதைத் தடுப்பதால் முகம் வெளுக்கிறது. தோல் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. 2023-இல் மலப்புறம் மாவட்டத்தில், வெளுக்க வைக்கும் க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் போகும் நோய் வந்தது செய்தியானது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளைச் சோதித்ததும் அதே ஆண்டுதான். எல்லைச் சோதனைச் சாவடியில் கடத்தல் அரிசி மூட்டையைப் பிடிக்கிறார்கள். கைப்பையில் வரும் டப்பாவை யார் பிடிப்பது? மகளுக்குக் காலிலோ கண்ணைச் சுற்றியோ வீக்கம் இல்லாவிட்டாலும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். போகும்போது டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.

படர்தாமரைக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பும் இதே வகைதான். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ட்யூபில் எழுதியிருக்கும். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும். பூஞ்சை மட்டும் நிம்மதியாகப் பரவும். இந்த ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியது. கடைக்காரர்களுக்கும் அது தெரியும்.

அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) பருப்பு உடைக்கிறேன். உள்ளங்கை கறுத்து வெடிக்கிறது. (கருங்கல்)

முந்திரிக் கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும். கையுறை போட்டால் வேலை ஓடாது என்பீர்கள். உடைத்த அளவுக்குத்தான் கூலி என்னும்போது அதுவும் நியாயம்தான். மெல்லிய கையுறையாவது கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உட்காருமுன் விளக்கெண்ணெயைக் கையில் தாராளமாகத் தடவி, இடைவேளையில் துடைத்து மறுபடி தடவுங்கள். சாம்பல் வேண்டாம், அதன் காரம் வெடிப்பைக் கூட்டும். இரவில் வாசலின் போதும்.

படம் அனுப்பியுள்ளேன். என்ன க்ரீம் போடலாம்?

படத்தில் மங்கலான ஒரு முழங்கையும் மேசை விரிப்பும் தெரிகின்றன. வயது இல்லை, எத்தனை நாள் என்பதும் இல்லை. வெளிறிய தேமல் போலத் தோன்றுவதால் ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்த இடத்தில் தொட்டால் உணர்கிறீர்களா? மரத்திருந்தால் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோயாக இருந்தாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ இலவச மாத்திரையில் குணமாகிவிடும். தள்ளிப்போட்டால் நரம்பு கெடும். உணர்ச்சி இருந்தால் நல்ல வெளிச்சத்தில் இன்னொரு படம் அனுப்புங்கள், வயதோடு.

வள்ளத்தில் போகிறவனுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு? (குளச்சல்)

நீரில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்தும் சுடுகிறது. ஆனால் வியர்வையிலும் உப்புநீரிலும் க்ரீம் நிற்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூசவும் உங்களுக்குக் கை ஒழியாது. முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் மேல். உதட்டிலும் காதிலும் மட்டும் எஸ்பிஎஃப் 30 என்று எழுதிய சன்ஸ்கிரீன் பூசுங்கள்.

நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் வெளுக்கிறது. (செங்கோட்டை)

பொட்டின் பசையில் உள்ள ரசாயனம் காரணமாக இருக்கலாம். இன்றே நிறுத்துங்கள். அதே இடத்தில் குங்குமமும் வேண்டாம். இரண்டு மாதத்தில் நிறம் திரும்பத் தொடங்காவிட்டால் நேரில் வாருங்கள்.